டேட்டாபேஸைத் தொடும் நிரலுக்கு டெஸ்ட் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு சிறிய அலுவலகத்தில் இருந்து இணையத்தளங்கள் செய்கிறோம். பெரும்பாலும் வேர்ட்பிரஸ், சில ட்ரூபல்; இரண்டும் பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட உள்ளடக்க முகாமை மென்பொருள்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் ஓடும் தளங்கள்தான் அதிகம். டெஸ்ட், அதாவது நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்க்கும் சிறு நிரல், எழுதுவது பற்றிப் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் இரண்டு மூன்று மாதத்தில் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன். வேறு இடங்களில் இதே வேலை செய்பவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

டேட்டாபேஸைத் தொடும் நிரல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஓடி முடிந்த பிறகு டேட்டாபேஸில் ஏதாவது மாறியிருந்தால், அல்லது அங்கே இருப்பதைப் பொறுத்து அதன் விடை மாறினால், அது டேட்டாபேஸைத் தொடும் நிரல். உள்ளடக்க முகாமைத் தளங்களில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். கட்டுரை, தலைப்பு, பயனர், மெனு, தளத்தின் பெயர்கூட ஒரு டேபிளில் ஒரு வரி.

டேட்டாபேஸுக்குப் பதிலாக அதைப்போல நடிக்கும் ஒரு போலிப் பொருளை வைத்துவிட்டு டெஸ்ட் எழுதினால் வேகமாக ஓடுமே. அது போதாதா?

போதாது. இதற்கு நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்கு மரண அறிவித்தல்களை ஏற்றும் பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரல்) ஒன்றை எங்கள் குழு எழுதியது. குடும்பத்தார் அனுப்பும் விபரம் ஒரு கோப்பாக வரும். பிளகின் அதைப் படித்து, தலைப்பிலிருந்து ஸ்லக்கை, அதாவது இணைப்பு முகவரியின் கடைசித் துண்டை, உண்டாக்கும். அதே ஸ்லக்கில் ஏற்கெனவே ஒரு அறிவித்தல் இருந்தால் திருத்தம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பழையதன் மேல் எழுதும். இல்லாவிட்டால் புதிதாகப் போடும். டெஸ்ட் எல்லாம் இருந்தது, எல்லாம் பச்சை, அதாவது தேறியிருந்தன (தோற்றால் சிவப்பு).

ஒரு நாள் பின்னேரம் ஒரு மகன் தொலைபேசியில் அழைத்தார். காலையில் போட்ட தன் அம்மாவின் அறிவித்தலைத் திறந்தால் வேறொரு அம்மாவின் படம் வருகிறது என்றார். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கெல்லாம் அந்த இணைப்பை அனுப்பிவிட்டாராம். அவர் கோபப்படவில்லை, குரல்தான் தழுதழுத்தது.

நடந்தது இதுதான். வேர்ட்பிரஸ் ஸ்லக்கை 200 எழுத்துக்குள் நிறுத்தும், அந்தப் புலத்தின் நீளமும் 200தான். தமிழ் யூனிகோட் குறி (எழுத்தும் அதோடு வரும் புள்ளி, கொம்பு போன்றவையும் தனித்தனிக் குறி) ஒவ்வொன்றும் 3 பைட். முகவரிக்காகச் சதவீதக் குறியோடு மாற்றி எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாகும், ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. ‘மரண அறிவித்தல்’ என்பதில் 13 குறிகள், ‘திருமதி’யில் 7. இருபதும் சேர்ந்து 180, இடைவெளிகள் 3. மிச்சம் இருக்கும் 17 எழுத்தில் பெயரின் ஒரே ஒரு குறிதான் பிடிக்கும். கமலா, கனகம்மா, கந்தசாமி எல்லாரும் ‘மரண-அறிவித்தல்-திருமதி-க’ ஆகிவிடுகிறார்கள். அன்றைக்கு க-வில் தொடங்கும் பெயருள்ள இரண்டு அம்மாக்கள் காலமாகியிருந்தார்கள்.

எங்கள் டெஸ்டில் டேட்டாபேஸின் இடத்தில் போலிப் பொருள் இருந்தது. ‘இந்த ஸ்லக்கில் ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லும்படி நாங்களே அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அதுவும் அப்படியே சொன்னது. ஸ்லக் உண்டாக்கும் வேர்ட்பிரஸ் செயற்கூறுக்கும் போலிதான், அது தலைப்பை வெட்டவேயில்லை. எங்கள் நம்பிக்கையையே எங்களுக்குத் திருப்பிச் சொல்லும் டெஸ்ட் அது.

பிறகு எழுதிய டெஸ்ட் மிகச் சிறியது. தளம் பாவிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான உண்மையான மைஎஸ்கியூஎல்லில் இரண்டு அறிவித்தலை ஏற்று, எத்தனை இருக்கிறது என்று எண்ணு, இரண்டு இருக்கவேண்டும். முதல் ஓட்டத்திலேயே ஒன்று என்று சிவப்பாக வந்தது. ஸ்லக்கை அடையாளமாக வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, அறிவித்தல் கோப்பில் வரும் இலக்கத்தைத் தனியாகச் சேமித்து அதை வைத்துத் தேடும்படி மாற்றினோம். அந்த டெஸ்ட் இன்றைக்கும் நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தைச் சேமிக்கும்போதும் ஓடுகிறது.

அப்படியென்றால் யூனிட் டெஸ்டே, அதாவது ஒரு சிறு துண்டு நிரலைத் தனியே பார்க்கும் டெஸ்டே, வேண்டாமா?

வேண்டும். அடையாள அட்டை இலக்கம் சரியா என்று பார்ப்பது, விலையைக் கணக்கிடுவது, திகதியைத் தமிழில் எழுதுவது போன்றவற்றுக்கு டேட்டாபேஸ் எதற்கு? அந்த நிரலைத் தனியே பிரித்தெடுத்து, டேட்டாபேஸ் இல்லாமல், ஆயிரக்கணக்கில் டெஸ்ட் ஓட்டுங்கள். நான் சொல்வது, கேள்வியே டேட்டாபேஸைப் பற்றியது என்றால் டேட்டாபேஸிடமே கேட்கவேண்டும் என்பது. வெளியே போகும் மின்னஞ்சல், குறுஞ்செய்தி, காசு கட்டும் சேவை ஆகியவற்றுக்குப் போலி வைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஒரு டெஸ்ட் எழுதிவிட்டுப் போன தரவு அடுத்த டெஸ்டைக் குழப்பாதா?

குழப்பும். அதனால்தான் ஒவ்வொரு டெஸ்டும் சுத்தமான தரையில் தொடங்கவேண்டும். இதற்கு வேர்ட்பிரஸும் ட்ரூபலும் இரண்டு வேறு வழியில் போகின்றன.

வேர்ட்பிரஸின் டெஸ்ட் தொகுப்பு ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள், அதாவது மொத்தமாக ஏற்கவோ கைவிடவோ கூடிய மாற்றங்களின் தொகுதிக்குள், ஓட்டுகிறது. டெஸ்ட் முடிந்ததும் கமிட் செய்யாமல் (நிரந்தரமாக்காமல்) ரோல்பேக் செய்துவிடும் (பின்னுக்கு எடுத்துவிடும்). நீங்கள் போட்ட கட்டுரை, பயனர் எல்லாம் எழுதப்படாதது போலப் போய்விடும். மிக வேகமான முறை, ஆனால் சில இடங்களில் கால் இடறும்.

முதலாவது, டேபிளை உண்டாக்குவதும் மாற்றுவதும். மைஎஸ்கியூஎல்லில் கிரியேட் டேபிள், ஆல்டர் டேபிள், டிரங்கேட் போன்ற கட்டளைகள் வந்தவுடன் அதுவரை நடந்ததெல்லாம் கேட்காமலே கமிட் ஆகிவிடும். அதற்குப் பிறகு ரோல்பேக் செய்து பயனில்லை. இதைச் சமாளிக்கத்தான் வேர்ட்பிரஸ் டெஸ்ட் தொகுப்பு கிரியேட் டேபிள் என்ற கட்டளையை இடையில் பிடித்துத் தற்காலிக டேபிளாக மாற்றிவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மைஎஸ்கியூஎல்லில் ஷோ டேபிள்ஸ் கேட்டால் தற்காலிக டேபிள்கள் பட்டியலில் வராது. ‘பிளகினை நிறுவினேன், டேபிள் உண்டாகவில்லை’ என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். டேபிள் இருக்கிறதா என்று பட்டியலில் தேடாமல், அதில் ஒரு வரியை எழுதி மீண்டும் வாசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, மைஐசாம். பழைய தளங்களில் இந்த வகை டேபிள்கள் இன்னும் கிடக்கின்றன. மைஎஸ்கியூஎல் 5.5இல் இருந்துதான் டிரான்சாக்ஷன் தெரிந்த இன்னோடிபி என்ற வகை இயல்பிருப்பானது. மைஐசாமுக்கு டிரான்சாக்ஷன் தெரியாது, எழுதினால் எழுதியதுதான்.

மூன்றாவது, தானாகக் கூடும் இலக்கம். ரோல்பேக் செய்தாலும் இன்னோடிபி அந்த எண்ணிக்கையைப் பின்னுக்கு எடுக்காது. ஆகவே ‘முதல் கட்டுரையின் இலக்கம் 1’ என்று டெஸ்டில் எழுதாதீர்கள். உண்டாக்கும்போது கிடைக்கும் இலக்கத்தை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, முழு உரைத் தேடல். இன்னோடிபியின் முழு உரைச் சுட்டி கமிட் ஆனவற்றை மட்டுமே காட்டும். டிரான்சாக்ஷனுக்குள் கட்டுரையைப் போட்டுவிட்டு அதிலேயே தேடினால் ஒன்றும் வராது, நிரலில் பிழையே இல்லாவிட்டாலும். தேடலுக்கான டெஸ்ட்களைத் தனியாக வைத்து, உண்மையாகக் கமிட் செய்து, முடிவில் கையால் துடைக்கவேண்டும்.

ட்ரூபல் என்ன செய்கிறது?

ட்ரூபல் டேபிள் பெயரின் முன்னொட்டை மாற்றுகிறது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் ‘டெஸ்ட்’ என்ற சொல்லோடு ஒரு எண்ணைச் சேர்த்துப் புது முன்னொட்டு, அந்த முன்னொட்டில் புதிய டேபிள்கள். முடிந்ததும் அவற்றை அழித்துவிடும். 2011 ஜனவரியில் வந்த ட்ரூபல் 7இல் சிம்பிள்டெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி மையத்துக்குள்ளேயே வந்தது. 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8 பிஎச்பியூனிட் என்ற கருவிக்கு மாறியது. இப்போது முக்கியமாக மூன்று படி: டேட்டாபேஸ் இல்லாத யூனிட் டெஸ்ட், கேட்ட டேபிள்களை மட்டும் போடும் கேர்னல் டெஸ்ட், முழுத் தளத்தையும் நிறுவிப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பிரவுசர் டெஸ்ட்.

என்னுடைய ஆலோசனை, சந்தேகம் வந்தால் கேர்னல் டெஸ்ட். உண்மையான டேட்டாபேஸ், ஆனால் தளம் முழுவதையும் நிறுவும் பாரம் இல்லை. எந்தெந்த மொடியூல் (ட்ரூபலின் துணை நிரல்) வேண்டும், எந்த டேபிள் வேண்டும் என்று நீங்களே சொல்லவேண்டியிருப்பது முதலில் எரிச்சலாக இருக்கும். கொஞ்ச நாளில், உங்கள் நிரல் எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று அந்தப் பட்டியலைப் பார்த்தே விளங்கும்.

2022இல் மின்வெட்டு நாட்களில் இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் கண்முன்னே தெரிந்தது. ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனால், வேர்ட்பிரஸ் டெஸ்டின் கமிட் ஆகாத எழுத்துகளை மைஎஸ்கியூஎல் மீண்டும் எழும்போது தானே அகற்றிவிட்டது. ட்ரூபல் பக்கத்தில் முன்னொட்டோடு அநாதையாக நின்ற டேபிள்களை நாங்கள்தான் துடைக்கவேண்டியிருந்தது.

டெஸ்ட் ஓட்டினால் உண்மையான தளம் அழிந்துவிடுமா?

தவறான டேட்டாபேஸைக் காட்டினால், ஆம். வேர்ட்பிரஸ் டெஸ்ட் அமைப்புக் கோப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது: அங்கே கொடுத்த முன்னொட்டுள்ள எல்லா டேபிள்களும் நீக்கப்படும். அந்த வரியைப் படிக்காமல் கடந்து போகிறவர்கள் அதிகம். ஒரு வாடிக்கையாளரின் முன்னோட்டத் தளம் இப்படிப் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தளத்தின் அமைப்புக் கோப்பிலிருந்து பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே பிரதி செய்யப்பட்டிருந்தன. என்டர் தட்டி ஒரு சில விநாடிகளில் மூன்று கிழமை வேலை இல்லாமல் போனது.

கவனமாக இருங்கள் என்று சொல்லி இதைத் தடுக்க முடியாது. டெஸ்டுக்கென்று தனிப் பயனர் ஒருவரை மைஎஸ்கியூஎல்லில் உண்டாக்கி, அவருக்கு டெஸ்ட் டேட்டாபேஸைத் தவிர வேறெதையும் திறக்க அனுமதி கொடுக்காதீர்கள். கோப்பில் எந்தப் பெயரைத் தவறுதலாக எழுதினாலும் மைஎஸ்கியூஎல்லே மறுத்துவிடும். டொக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) தனியாக ஒரு மைஎஸ்கியூஎல்லை எழுப்பி ஓட்டுவது இன்னும் நல்லது.

எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் நினைவகத்திலேயே ஓடுமே. டெஸ்டுக்கு அதைப் பாவித்தால் என்ன?

தளமும் எஸ்கியூலைட்டில் ஓடினால் தாராளமாக. தளம் மைஎஸ்கியூஎல் அல்லது அதன் கிளையான மரியாடிபியில் ஓடினால், வேண்டாம். ஆங்கிலத் தளம் ஒன்றுக்கு இந்த வித்தியாசம் சில நேரம் தெரியாமல் போகலாம். தமிழுக்குத் தெரியும்.

200 எழுத்து என்று அறிவித்த புலத்தில் எஸ்கியூலைட் 2000 எழுத்தையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். நீளம் சம்பந்தமான பிழை ஒன்றும் அங்கே பிடிபடாது.

வரிசைப்படுத்தலும் வேறு. எஸ்கியூலைட் இயல்பாகப் பைட் வரிசையில் அடுக்கும். யூனிகோட் அட்டவணையில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில் ன கடைசி. ஆகவே கமலா, கனகா என்ற இரண்டு பெயரை எஸ்கியூலைட்டிடம் கொடுத்தால் கனகா முன்னால் வருவார். யூனிகோட்டின் வரிசை விதியைப் பின்பற்றும் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் முறை) உள்ள மைஎஸ்கியூஎல்லில் கமலா முன்னால் வருவார், அதுதான் சரி. அகரவரிசைப் பட்டியலுக்கு எஸ்கியூலைட்டில் எழுதிய டெஸ்ட், பிழையான வரிசையைச் சரி என்று சான்று கொடுக்கும்.

டெஸ்ட் தரவாக எதைப் போடுவது? ‘டெஸ்ட் 1’, ‘டெஸ்ட் 2’ என்று போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். உங்கள் தளத்துக்கு வரும் எழுத்து எப்படியிருக்குமோ அப்படிப் போடுங்கள்.

‘கொழும்பு’ என்ற சொல்லையே எடுங்கள். அதில் வரும் ஒகரக் குறியை யூனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான், எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. பிஎச்பியில் ஒப்பிட்டால் இரண்டும் வேறு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றி சரியில்லாவிட்டால், இரண்டு குறி வடிவம் வந்துவிடும். அப்புறம் ‘கொழும்பு’ என்ற குறிச்சொல் மெனுவில் இரண்டு தடவை நிற்கும், ஒவ்வொன்றிலும் பாதிக் கட்டுரைகள். சேமிக்கும் முன்பே நார்மலைசரால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். டெஸ்டில் இரண்டு வடிவத்தையும் சேமித்து, ஒரே குறிச்சொல்தான் உண்டாகிறதா என்று பாருங்கள்.

இமோஜியும் போடுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 எழுத்து வகை ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் வைத்திருக்கும். தமிழ் 3 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் வருடக்கணக்காக யாருக்கும் பிரச்சினை தெரியவில்லை. 4 பைட் வேண்டிய இமோஜி வந்தபோதுதான் தெரிந்தது. வேர்ட்பிரஸ் 2015இல், 4.2 பதிப்பில் 4 பைட் வகைக்கு மாறியது. ஆனால் பிளகின்கள் தாங்களே உண்டாக்கிய டேபிள்கள் பல பழைய வகையிலேயே நிற்கின்றன. மரண அறிவித்தலின் கீழே கண்ணீர் அஞ்சலி எழுதி, கைகூப்பும் இமோஜியும் போட்டு அனுப்புவார்கள். அமைப்பைப் பொறுத்து அது கேள்விக்குறியாகும், அல்லது அங்கிருந்து மீதி வெட்டுப்படும், அல்லது மொத்தமாக மறுக்கப்படும்.

உண்மைத் தளத்தின் டேட்டாபேஸையே பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் இதெல்லாம் தானாக வந்துவிடாதா?

வரும், கூடவே மக்களின் தொலைபேசி இலக்கமும் வீட்டு முகவரியும் மின்னஞ்சலும் ஒவ்வொரு மடிகணினிக்கும் வரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதற்கு ஒப்பமாட்டேன். நம்பிக் கொடுத்த விபரம் அது. வேர்ட்பிரஸ் டெஸ்ட் தொகுப்பில் கட்டுரை, பயனர், கருத்து ஆகியவற்றை உண்டாக்கித் தரும் ஃபாக்டரிகள் இருக்கின்றன, வேண்டியதை வேண்டிய இடத்தில் உண்டாக்குங்கள். டெஸ்டைப் படிப்பவருக்கும் எந்தத் தரவில் என்ன நடக்கிறது என்று அங்கேயே தெரியும்.

அக்கா, பகலில் பச்சையாக ஓடுகிற டெஸ்ட் நடுச்சாமத்தில் சிவப்பாகிறது. ஏன்?

நடுச்சாமம் 12 மணிக்கும் விடியற்காலை 5.30க்கும் இடையிலா? அப்படியென்றால் நேர வலயம். சிஐ சேர்வர், அதாவது டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் கணினி, உலகப் பொதுநேரத்தில் ஓடுகிறது. கொழும்பு அதற்கு 5.30 மணித்தியாலம் முன்னால். அந்த நேரத்தில் உங்களுக்குத் திங்கட்கிழமை, சேர்வருக்கு இன்னும் ஞாயிறு. ‘இன்றைய செய்திகள்’ எடுக்கும் நிரல் ஓரிடத்தில் உள்ளூர்த் திகதியையும் இன்னோரிடத்தில் பொதுத் திகதியையும் பாவிக்கிறது. டெஸ்டைத் திட்டாதீர்கள், நிரலில்தான் பிழை. டெஸ்டில் கடிகாரத்தை நீங்களே ஒரு நேரத்தில் நிறுத்துங்கள். அந்த நேரம் அதிகாலை 2 மணியாக இருக்கட்டும்.

பழைய செய்திகளை இறக்குமதி செய்பவர்களுக்கு இன்னொன்று. இலங்கை நேரம் 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை 6 மணித்தியாலம் முன்னால் இருந்தது. அமைப்பில் 5.30 என்று கையால் போட்டால் 2005ஆம் ஆண்டுக் கட்டுரை அரை மணித்தியாலம் பிசகும். கொழும்பு என்ற நகரத்தைத் தெரிவு செய்தால் பிசகாது.

தனியே ஓடினால் பச்சை, எல்லாவற்றோடும் ஓடினால் சிவப்பு?

டேட்டாபேஸ் பின்னுக்குப் போய்விட்டது, பிஎச்பியின் நினைவு போகவில்லை. உங்கள் வகுப்பில் ஒரு ஸ்டாட்டிக் மாறி (ஓட்டம் முடியும்வரை தன் மதிப்பை விடாத மாறி) முந்தைய டெஸ்டின் விடையைப் பிடித்து வைத்திருக்கும். அதைத் துடைக்க ஒரு வழி செய்யுங்கள், அல்லது வேர்ட்பிரஸின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) பாவியுங்கள். டெஸ்ட் தொகுப்பு அதை ஒவ்வொரு முறையும் காலி செய்துவிடும்.

மிகவும் மெதுவாக ஓடுகிறது.

டொக்கரில் மைஎஸ்கியூஎல்லின் தரவுக் கோப்பகத்தை நினைவகத்தில் வையுங்கள், டெஸ்ட் தரவு போனால் போகட்டும். பல டெஸ்ட்கள் வாசிக்க மட்டும் செய்யும் தரவை ஒவ்வொரு தடவையும் போடாமல் வகுப்புக்கு ஒருமுறை போடுங்கள். அதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால், 10 கட்டுரை போதுமான இடத்தில் யாரோ 500 கட்டுரை உண்டாக்கியிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

பழைய தளம், ஒரு டெஸ்டும் இல்லை. எங்கே தொடங்குவது?

கடைசியாக வந்த முறைப்பாட்டில். வாடிக்கையாளர் அனுப்பிய மின்னஞ்சலை எடுங்கள், அதில் சொன்ன அதே தலைப்பை, அதே எழுத்தை, அதே வரிசையில் டெஸ்ட் டேட்டாபேஸில் போடுங்கள். சிவப்பு வரும்வரை நிரலைத் தொடாதீர்கள். சிவப்பு வராவிட்டால் உங்கள் டெஸ்ட் டேட்டாபேஸுக்கும் தளத்தின் டேட்டாபேஸுக்கும் எங்கோ வித்தியாசம் இருக்கிறது: பதிப்பு, கொலேஷன், டேபிள் வகை. இரண்டிலும் டேபிளின் அமைப்பைக் காட்டும் ஷோ கிரியேட் டேபிள் கட்டளையை ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி படித்துப் பாருங்கள்.